தோள்குழியில் ஒன்பது பேர்

சிலுவைமுனை இன்னாசிக்கு வலத் தோள் நூற்று எண்பத்து மூன்றாவது தடவையாகக் கழன்ற செவ்வாய்க்கிழமை காலையில், மாதா கோயிலை ஒட்டிய வலைக்கொட்டகையில் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காதிலிருந்த கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்கள், ஏனென்றால் கம்மலோடு காதை வைத்தால் அந்த மனுசனுக்குக் குத்தும் என்று ஊர்க் கமிட்டி முதல் வருசமே சொல்லியிருந்தது. ஒன்பதாவது ஆள் அவர் பெண்சாதி வியாகுலம். அவள் முறை எப்போதும் கடைசி. இன்னாசி ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கல்லெறியப் போகிற ஆளைப் போலக் கையை ஓங்கிக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோள் உருண்டை முன்பக்கமாக இறங்கிக்கொண்டது. அது இருந்த இடத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்க்கலாம் போல ஒரு குழி விழுந்தது. அந்தக் குழிக்குள்தான், மூன்று வருசத்துக்கு முன்னால் கடலுக்குப் போன ஒன்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போனது ஒரு கார்த்திகை மாதம். தொபியாஸின் வள்ளத்தில் போனார்கள், பின்னாலேயே புயல் போனது, புயல் மட்டும் திரும்பி வந்தது. உடல் கிடைக்கவில்லை, பலகை கிடைக்கவில்லை, வலையின் ஒரு மிதவைகூட ஒதுங்கவில்லை. நாற்பது நாள் ஊரில் ஒருவரும் கடலில் கால் நனைக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் பசி எல்லோரையும் கையைப் பிடித்துக் கரைவலைக்குக் கூட்டிவந்தது. கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற தொழில் அது, வலப்பக்கக் கயிற்றின் தலைமாட்டில் நிற்பது எப்போதும் இன்னாசி. அன்றைக்கு வலை வந்த கனத்தில் இழுத்த நாற்பது பேரும் ஒரே நினைப்பை நினைத்தார்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாதி இழுப்பில் கடல் ஒரு வெட்டு வெட்டிப் பின்வாங்கியது. இன்னாசியின் கை கயிற்றோடு போனது, உடம்பு கரையிலேயே நின்றது. கடைசியில் வலையில் வந்தது சேறும் நாலு கூடைச் சாளை மீனும்தான்.

மணலில் கிடந்து துடித்தவரின் எலும்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்க்கக் குனிந்த தொபியாஸ், குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டார். அவர்தான் வள்ளத்தின் சொந்தக்காரர், ஊர்க் கமிட்டித் தலைவர். போன ஒன்பது பேரில் அவர் மகன் மிக்கேலும் ஒருவன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "மிக்கேலு பேசுதான்" என்றார். "எஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டாம். துடுப்பு போட்டு வாரானுவளாம். கரை தெரியுதாம்."

யாரும் அலறவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து காதை வைத்தார்கள். அவரவர்க்கு அவரவர் ஆள் பேசுவதுதான் கேட்டது. ஆள் பறிகொடுக்காதவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அவர்கள் கொஞ்சம் மனத்தாங்கலோடு விலகி நின்றார்கள். எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான், அடியில் கிடப்பவர் மயங்கிவிட்டார் என்று ஒருத்தருக்கு ஞாபகம் வந்து, தொபியாஸ் அவர் அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுத்து எலும்பை அதனிடத்தில் ஏற்றினார்.

ஒரு தடவை கழன்ற தோளுக்கு மறுதடவை கழலப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சட்டை மாட்டும்போது கழன்றது, தூக்கத்தில் புரண்டால் கழன்றது, ஒரு நாள் கோயிலில் தீர்த்தம் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோகையில் பூசை நடுவே கழன்று, பூசை அப்படியே நின்று, ஒன்பது வீட்டாரும் ஓடிவந்தார்கள். இப்படி நேரங்கெட்ட நேரத்தில் அடித்துப் பிடித்து ஓடிவருவது யாருக்கும் நல்லதில்லை என்று கமிட்டி கூடி, செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கழற்றுவது, ஆளுக்கு மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம், வரிசை வீட்டுவாரியாக என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. தோளுக்குச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க மறந்துபோனார்கள். பங்குச்சாமியார் இதெல்லாம் நல்லதற்கில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைத்தார். மறுவாரம் கொட்டகைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்.

ஊர் எதற்குத்தான் பழகாது. முதல் மாதம் குழிக்குள் பார்த்து அழுதார்கள், மூன்றாம் மாதம் நலம் விசாரித்தார்கள், ஒரு வருசம் ஆனதும் ரேசன் கார்டை எங்கே வைத்தாய், மூத்தவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போட, உன் தம்பி பாகம் கேட்கிறான் என்ன சொல்ல என்று வீட்டு வழக்கெல்லாம் அங்கே வந்துவிட்டது. குழிக்குள்ளிருந்து பதிலும் ஒழுங்காக வந்தது. கடலுக்குப் போன ஆண்பிள்ளைகள் வீட்டிலிருந்த காலத்தில்கூட இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதில்லை என்று பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். ஆனால் எந்தப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தது: கரை தெரியுது, இந்தா வந்துட்டோம். வந்துட்டோம் என்று சொல்லுகிறவனுக்கு யார் இரங்கல் பூசை வைப்பார்கள், யார் கறுப்புச் சேலை உடுத்துவார்கள்? புருசனைக் கடலுக்கு அனுப்பினவள் ஒருத்தியும் தாலியைக் கழற்றவில்லை, ஒருத்தியும் பூ வைக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் அந்தச் சோற்றைக் கோழிக்கு வைத்தார்கள். அந்த மூன்று வருசத்தில் சிலுவைமுனைக் கோழிகளைப் போலக் கொழுத்த கோழிகள் அந்தக் கரையிலேயே கிடையாது.

இதில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காது வைக்க வழியில்லை. எப்படிக் கழுத்தை வளைத்தாலும் தன் தோள்குழிக்குள் தானே காது வைக்க மனிதனுக்கு முடியாது. இன்னாசி முயற்சி செய்யாமல் இல்லை. டீசல் ஊற்றுகிற புனலையும் குழாயையும் வைத்துப் பார்த்தார், கிராம நர்சம்மாவின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி வைத்துப் பார்த்தார், அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. செல்போனில் பதிந்து போட்டுக் கேட்டால் வயிறு உருளுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்பது பேரில் அவர் மகன் ரெக்சனும் இருந்தான், பத்தொன்பது வயது, ஒற்றைப் பிள்ளை. ஊரே வந்து தன் தன் பிள்ளையோடு பேசிவிட்டுப் போகிறது, வாசலாக இருக்கிறவனுக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது.

ஆகவே செவ்வாய்க்கிழமை தோறும், துண்டைத் தூளியாகக் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, வியாகுலம் சொல்வதுதான் அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு.

"இன்னிக்கு என்ன சொன்னான்?"

"இருமலு விட்டுட்டாம்."

"என்னையக் கேட்டானா?"

"கேக்காம இருப்பானா? கைய அலட்டிக்கிடாம இருக்கச் சொன்னான்."

"வேற ஒண்ணும் சொல்லலியா? அன்னிக்கு நடந்ததப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க பேசாம வாங்க."

அன்றைக்கு நடந்தது இதுதான். புயல் வருகிறது என்று ரேடியோ இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று என்றும் சொன்னார்கள். ஆனால் சிலுவைமுனைக்காரர்களுக்கு ரேடியோவைவிட இன்னாசியின் கண் பெரிசு; கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே கிடக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லுகிற ஆள் அவர், இருபத்தைந்து வருசத்தில் ஒரு தடவை பிசகியதில்லை. ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "ஓட்டம் தெக்க இழுக்கு. காத்து இங்க திரும்பாது. போங்க" என்றார். ரெக்சனுக்கு மூன்று நாளாக இருமல், அவன் போகத் தயங்கினான். "இருமலுக்கெல்லாம் கடலு நிக்குமால?" என்று கேட்டு அவனையும் ஏற்றிவிட்டார். ஊரில் இதை யாரும் ஒருநாளும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. தோளைத் திறந்து வைக்கிற ஆளிடம் எப்படிச் சொல்லிக் காட்டுவார்கள்? ரெக்சன் ஒருவன்தான் சொல்ல வேண்டும், திட்டுவதென்றாலும் அவன்தான் திட்ட வேண்டும். அதைக் காதால் கேட்காமல் தான் செத்துப்போகக் கூடாது என்பது ஒன்றுதான் இன்னாசிக்கு அந்த மூன்று வருசத்தில் இருந்த பயம்.

அந்த நூற்று எண்பத்து மூன்றாவது தடவை எலும்பு ஏறிக்கொண்டது, ஆனால் விரல்கள் திரும்பி வரவில்லை. டீ கிளாசைப் பிடித்தால் கிளாஸ் தானாக நழுவிற்று. மறுநாள் காலைப் பஸ்ஸில் வியாகுலம் அவரைக் கூட்டிக்கொண்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு டாக்டர் கோமதிநாயகம் நாற்பது வயசுக்காரர், சிரிக்காமல் பேசுகிறவர். ஸ்கேன் படத்தை விளக்கில் சொருகிப் பார்த்தார், கழன்ற நிலையில் தோளைப் பார்க்க வேண்டும் என்று கழற்றச் சொன்னார், குழிக்குள் தன் காதையும் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்குக் கடல்ல யாரும் இல்ல, அதனாலயா இருக்கும்" என்றார். பிறகு படத்தைக் காட்டினார். "தோள்ல கிண்ணம்னு சொல்றது கிண்ணமே இல்ல பெரியவரே, ஒரு தட்டு. அந்தத் தட்டச் சுத்தி ரப்பர் வளையம் மாதிரி ஒரு சவ்வு இருக்கு, அதுதான் உருண்டைய வழுக்க விடாமப் பிடிக்கும். ஒங்களுக்கு அது முன்பக்கம் பூராக் கிழிஞ்சு தொங்குது. ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் எலும்பும் தேயுது, நரம்பும் நசுங்குது. இனி ஒரு மாசம் இப்படிப் போனா கை உடம்புல இருக்கும், ஆனா உதவாது."

"என்ன செய்யணும்?" என்று வியாகுலம் கேட்டாள்.

"தைக்கணும். தோளக் கிழிக்க மாட்டோம். பென்சில் கனத்துல மூணு துளை. ஒண்ணு வழியா கேமரா போகும், உப்புத் தண்ணி பாய்ச்சி உள்ள இடம் பண்ணிக்குவோம். இன்னொரு துளை வழியா தண்ணிய வெளிய உறிஞ்சுவோம். மூணாவதுல நூல் கோத்த சின்னச் சின்ன ஆணிய எலும்புல இறக்கி, சவ்வ இழுத்துக் கட்டிருவோம். அப்புறம் கழலாது."

"உள்ள ஆளுங்க இருக்காங்களே சார்" என்றார் இன்னாசி.

"எலும்புத் துணுக்கு மிதந்தா எடுப்போம். ஆளுங்கள எடுக்கறதுக்கு எங்ககிட்ட ஏற்பாடு இல்ல" என்றார் டாக்டர், அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. தொபியாஸ் எழுந்து சொன்னார்: "இன்னாசி, கை ஒன் கைதான். இல்லங்கல. ஆனா உள்ள இருக்கவன் எம் புள்ள."

"எம் புள்ளயும் உள்ளதானண்ணே இருக்கான்."

"அப்ப நீயே சொல்லு, தைக்கலாமா?"

இன்னாசி வலக் கையை இடக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து வியாகுலம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை. "தைக்கட்டும். செவ்வாக்கெழம தோறும் இந்த மனுசன் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கத ஒங்க யாரு கண்ணும் பாக்கல. எங் கண்ணு பாக்கு. போதும்" என்றாள். பெற்றவளே இப்படிச் சொல்லுகிறாளே, இவள் என்ன பிறவி என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்கு அடுத்தாற்போல் ஸ்டெல்லா எழுந்தாள், மிக்கேலின் பெண்சாதி, நாலே மாதம் அவனோடு குடித்தனம் செய்தவள். "எனக்கும் போதும் மாமா" என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். "கரை தெரியுது, கரை தெரியுதுன்னு மூணு வருசமாச் சொல்லுதாவ. எனக்கு இருவத்தி மூணு வயசு. அவுக ஒண்ணு வரணும், இல்ல வரலன்னு சொல்லணும்."

கூட்டம் கலையப் பார்த்த நேரத்தில்தான், வலை பொத்துகிற ஒருவர் அந்த மூன்று துளைகளைப் பற்றி விளக்கமாகக் கேட்டார். இன்னாசி டாக்டர் சொன்னதைச் சொன்னார். பென்சில் கனமா? ஆமாம். தண்ணீர் பாய்ச்சுவார்களா? ஆமாம், உப்புத் தண்ணீர். பாய்ச்சின தண்ணீரை வெளியே உறிஞ்சுவார்களா? ஆமாம். அவர் மணலில் விரலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார்: ஒன்பது ஆளும் ஒரு வள்ளமும் ஒரு கொட்டாங்குச்சிக்குள் இருக்கிறார்கள் என்றால் ஆள் ஒன்றுக்கு என்ன உயரம் இருக்கும், வள்ளத்தின் அகலம் என்ன இருக்கும்? பென்சில் கனத்துத் துளை தாராளம். தண்ணீர் வரத்தில் வள்ளம் மிதக்கும், உறிஞ்சலில் வெளியே வரும், வெளியே வந்து நாலு நாள் சோறு தின்றால் ஆள் பழைய அளவுக்கு வந்துவிடும். கேட்கக் கேட்க ஊருக்கு இது அவ்வளவு சரியாகப் பட்டது, இத்தனை நாள் யாருக்கும் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். டாக்டர் தைக்கப் போகிறார் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. வந்த பிறகு தைப்பார் என்று வைத்துக்கொண்டார்கள். ஆசை கண்ணை மறைத்தால் கணக்கும் அதன் பக்கம் சேர்ந்துகொள்ளும் போலிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: இன்னாசி மயங்கக் கூடாது, விழித்திருந்து டிவியில் பார்க்க வேண்டும். இன்னாசிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. காதால்தான் முடியவில்லை, கண்ணாலாவது.

சிலுவைமுனையில் ஒரு வழக்கம் உண்டு. போன வள்ளம் நேரத்துக்கு வராவிட்டால் வீட்டுப் பெண்கள் உலர்ந்த துணியோடு கரையில் போய் நிற்பார்கள், நனைந்து இறங்குகிறவன் குளிரில் ஒரு நிமிசம்கூட நிற்கக் கூடாது. ஆபரேஷன் அன்று காலையில் எட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கைலியும் சட்டையும் மடித்து மார்போடு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு நர்ஸ் கடந்துபோகும்போதும், உறிஞ்சின தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தார்கள். நர்சுகளும் சரி என்றார்கள். வியாகுலம் வெறுங்கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது இன்னாசி அதைப் பார்த்தார். காலையில் கிளம்பின அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

கழுத்தில் ஓர் ஊசி போட்டார்கள். கை மட்டும் செத்தது, அவர் முழித்திருந்தார். மேசையின் தலைப்பக்கத்தைத் தூக்கி, சாய்ந்து உட்கார்ந்தாற்போல வைத்தார்கள். அந்த இருப்புக்கு டாக்டர்மார் கடற்கரை நாற்காலி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவர் பார்க்க வசதியாக டிவியைத் திருப்பி வைத்தார்கள். மேலே தொங்கின பைகளிலிருந்து உப்புத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"தலை சுத்துச்சுன்னா கண்ண மூடிக்கணும்" என்றார் கோமதிநாயகம்.

"மூட மாட்டேன் சார்."

திரையில் முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஒரு பக்கம் வழுவழுவென்று உருண்டையின் வளைவு, ஒரு பக்கம் தட்டு, தட்டின் ஓரத்தில் கிழிந்த சவ்வு தண்ணீரில் பாசியைப் போல ஆடிக்கொண்டிருந்தது. "இதுதான் கிழிசல்" என்று டாக்டர் ஒரு கொக்கியால் அதைத் தூக்கிக் காட்டினார். கிழிசலுக்கு அந்தப் பக்கம் சாயங்காலமாக இருந்தது. கடல் அடங்கிக் கிடந்தது. தொபியாஸின் வள்ளம் சுண்டுவிரல் நகம் அளவில் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் மிக்கேல் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கேமராவின் விளக்குதான் அவர்கள் இத்தனை நாள் கரை என்று சொன்னது என்பது போல, விளக்கைக் கண்டதும் துடுப்புகள் விசையாக விழுந்தன. துடுப்பு போடுகிற இரண்டு பேர், தண்ணீர் இறைக்கிற இரண்டு பேர், வலைமேல் படுத்திருக்கிற ஒருவன், அவன் தலைமாட்டில் பீடியை நனையாமல் பொத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். எட்டு. வலக் கை செத்துக் கிடந்தது, இடக் கையை மேசையோடு கட்டியிருந்தார்கள், கண்ணைத் துடைக்க வழியில்லாமல் இமையை அடித்துவிட்டு மறுபடி எண்ணினார். எட்டு.

"சார், கொஞ்சம் கீழ காட்டுங்க. பலகைக்குக் கீழ."

டாக்டர் கேமராவைக் கீழே திருப்பினார்.

"அந்தப் பக்கம். தண்ணிக்குள்ள."

டாக்டர் பொறுமையான மனுசர். உருண்டையைச் சுற்றி, தட்டின் பின்னால், மேலும் கீழும், மூலை முடுக்கெல்லாம் காட்டினார். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடி வரைக்கும் தெரிந்தது, அடியில் ஒன்றும் இல்லை. ரெக்சன் அங்கே இல்லை. அந்த மூன்று வருசத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. இருமல் விட்டதும், கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் யாருடைய பேச்சு என்று இன்னாசிக்கு அப்போது விளங்கிற்று. வியாகுலம் மடியில் துணியில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தது ஏன் என்பதும் விளங்கிற்று.

"தோள் வீங்குது. இனி தாமதம் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "கட்டலாமா?"

வள்ளம் நகத்தளவிலிருந்து விரலளவுக்கு வந்திருந்தது. இன்னும் பத்து நிமிசம் கேட்டிருந்தால் டாக்டர் கொடுத்திருப்பாரோ என்னவோ. நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எட்டு வீட்டுத் துணி வெளியே காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த எட்டு முகத்தையும் பார்க்கப் பார்க்க இன்னாசிக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் இருக்கிறார்கள், நான் இருமலோடு ஏற்றிவிட்டவன் மட்டும் இல்லை. அப்படியானால் இவர்கள் எதற்கு வர வேண்டும், யாருக்காக நான் திறந்து கிடக்க வேண்டும்? சொல்லவே வெட்கமான நினைப்பு, ஆனால் அதுதான் அவர் நினைத்தது.

"கட்டுங்க" என்றார்.

முதல் ஆணி இறங்கிற்று, நூல் சவ்வைத் துளைத்துச் சுற்றி வந்து முடிச்சு விழுந்தது. நல்ல முடிச்சு, நழுவாத முடிச்சு. முடிச்சுப் போட்டே வயிறு வளர்த்த இன்னாசிக்கு அது தெரியும். இரண்டாவது முடிச்சில் கடல் பாதி மறைந்தது. மூன்றாவதை இறுக்குவதற்கு முன்னால் மிக்கேல் கண்மேலிருந்த கையை எடுத்து, வந்தாயிற்று என்று கரைக்குக் காட்டுகிறாற்போல உயரத் தூக்கினான். பிறகு வெள்ளைச் சவ்வு ஒழுங்காகத் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

வார்டில் கொண்டுவந்து போட்டதும் எட்டுப் பெண்களும் முதலில் உறிஞ்சின தண்ணீரைத்தான் கேட்டார்கள். நர்ஸ் சொன்ன சொல் தவறாமல் வைத்திருந்தாள். வெளிறிய சிவப்பில் ஒரு ஜாடித் தண்ணீர். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கட்டுக்கு மேல் ஒவ்வொருத்தியாகக் காதை வைத்தார்கள். தொபியாஸ் கடைசியில் வந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்ணே."

"எப்படி இருந்தானுவ?"

"நல்லா இருந்தானுவ. துடுப்பு போட்டுக்கிட்டு இருந்தானுவ. மிக்கேலு கை காட்டினான்."

தொபியாஸ் தோள் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா மடித்த கைலியையும் சட்டையையும் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். சட்டைக் காலரை ஒரு தடவை நீவிவிட்டாள், பிறகு யாருக்கும் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மற்ற ஏழு பேரும் கொண்டுவந்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் அவர்கள் அழுகை கேட்டது. மூன்று வருசத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

எல்லோரும் போன பிறகு வியாகுலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். இன்னாசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய் தோறும் வரிசையின் கடைசியில் வந்து, வெறும் குழியில் காதை வைத்து, மூன்று அருள்நிறை மரியே நேரம் அசையாமல் இருந்து, எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற வழியில் தன் புருசனுக்காக ஒரு பிள்ளையைப் பேச வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்ததற்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அவள் தந்ததை அவளுக்கே ஒரு தடவையாவது திருப்பித் தர வேண்டும் போலிருந்தது. அது பொய்யென்று அவளுக்குத் தெரியும், தனக்கும் தெரியும். தெரிந்தே இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"ரெக்சனப் பாத்தேன்" என்றார்.

கரண்டி பாதியில் நின்றது.

"தண்ணி எறைச்சிக்கிட்டு இருந்தான். இருமலு இல்ல. நல்லா இருக்கான். என்னையப் பாத்துச் சிரிச்சான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அம்மைட்ட சொல்லுங்கன்னான்."

அவள் மெல்லச் சிரிப்பாள், தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தார். வியாகுலம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல" என்றாள். "ஒரு நாளும் கேட்டதில்ல. எல்லாருக்கும் கேக்கு, எனக்கு மட்டும் வெறுங்குழி. நம்ம புள்ள போயிட்டான்னு நெனச்சேன். ஒங்களுக்குச் சொன்னா நீங்க தாங்க மாட்டிய, அதான் இருமலு அது இதுன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். போயிட்டான்னு நெனச்சித்தான் தைக்கச் சொன்னேன். எங் காதுதான் செவிடா? அவன் பேசிக்கிட்டுத்தான் இருந்தானா? மூணு வருசமா அம்மா அம்மான்னு கூப்பிட்டானா?"

அவள் விரல்கள் கட்டின் ஓரத்தைத் தேடிப் பிளாஸ்திரியைப் பிய்க்க ஆரம்பித்தன. இன்னாசி வாயைத் திறந்தார். அவன் அங்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த விரல்கள் நின்றுவிடும், நின்ற இடத்திலேயே அவளும் விழுந்துவிடுவாள், இந்தத் தடவையும் பிள்ளையைக் கொன்றது அவர் வாயாகவே இருக்கும். சொல்லாவிட்டால் இனி உயிருள்ள நாள் முழுக்க அவள் தைத்த தோளுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். மரத்துப்போன கை பக்கத்தில் கிடந்தது, இடக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, அவளைத் தடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. நர்ஸ் ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"உள்ள இருக்கான்னு கண்ணால பாத்திய" என்றாள் வியாகுலம், பிடித்த பிடிக்குள் நின்றுகொண்டே, கத்தாமல், மெதுவாக. "பாத்துக்கிட்டே ஏன் தைக்க விட்டிய?"